கம்யூனிட்டி டென்டல் வேலையில் இருப்பவர்கள் பிடிஏ சந்தா கட்டலாமா? என் எட்டு வருட அனுபவம்

வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் இங்கே வேலை செய்ய எழுதும் ஓஆர்இ தேர்வின் இரண்டு பகுதியையும் முடித்துவிட்டு இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் கம்யூனிட்டி டென்டல் (சாதாரண கிளினிக்கில் பார்க்க முடியாதவர்களுக்கான பல் மருத்துவ சேவை) வேலைக்குச் சேரப்போகும் ஒரு தங்கை போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, ஜிடிசிக்கு வருஷா வருஷம் கட்டணும், இன்டெம்னிட்டி (வழக்கு, விசாரணை வந்தால் காக்கும் காப்பு) தனியா கட்டணும், இதுல பிடிஏவுக்கும் கட்டணுமா? நீங்க கட்டுறீங்களா?" என்றாள். கட்டுகிறேன், எட்டு வருடமாகக் கட்டுகிறேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. இதே கேள்வியை வேறு நாலைந்து பேரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பிடிஏ என்பது பிரிட்டிஷ் டென்டல் அசோசியேஷன், 1880இல் தொடங்கிய சங்கம். புதிதாக வருகிறவர்கள் இதை ஜிடிசியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஜிடிசி, அதாவது ஜெனரல் டென்டல் கவுன்சில்தான் நமக்குப் பதிவு கொடுப்பது, தவறு செய்தால் விசாரித்து அதைப் பறிப்பதும் அதுதான், அங்கே பெயர் இல்லாமல் இந்த நாட்டில் யார் பல்லையும் தொட முடியாது. பிடிஏவில் நாமாக விரும்பித்தான் சேருகிறோம். அது தொழில்முறைச் சங்கம், கூடவே சட்டப்படி பதிவான தொழிற்சங்கமும் கூட. பத்திரிகை, வகுப்பு, தள்ளுபடி இதெல்லாம் அவர்களுடைய தளத்திலேயே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. நான் எழுத வந்தது இரண்டு விஷயம்: நமக்காகச் சம்பளம் பேசுவது, அப்புறம் நம்மைப் போன்றவர்களை ஒரு அறையில் உட்கார வைப்பது.

இது யாருக்கான விமர்சனம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த கிளினிக் வைத்திருப்பவர்கள், கடைத்தெரு கிளினிக்கில் அசோசியேட்டாக இருப்பவர்கள், உங்கள் கணக்கு வேறு. கம்யூனிட்டி டென்டலில் நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள். சக்கர நாற்காலியிலிருந்து இறங்க முடியாதவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், மறதி நோயோடு முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், தங்க இடமில்லாதவர்கள், ஒரே நாளில் ஏழெட்டுப் பல்லை மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் வரும் ஐந்து வயதுக் குழந்தைகள், இவர்கள்தான் எங்கள் பட்டியல். 1907இல் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று திறந்த கிளினிக் போன்றவற்றில் ஆரம்பித்து, பள்ளிப் பல் மருத்துவ சேவையாக வளர்ந்து, 1974இல் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸுக்குள் வந்தபோது கம்யூனிட்டி டென்டல் என்று பெயர் மாறிய வேலை இது. ஒரு பையனை மூன்று முறை வரவழைத்து, மூன்று முறையும் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து விளையாடவிட்டு, நாலாவது முறைதான் வாயைத் திறக்க வைத்தேன். கடைத்தெருவில் 2006 ஒப்பந்தப்படி யூடிஏ கணக்குத்தான் (செய்த சிகிச்சைக்குக் கிடைக்கும் புள்ளி) வருமானம், அங்கே இந்த மூன்று முறைக்கும் எதுவும் தேறாது. எங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும், ஆனால் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கும் வழியும் கிடையாது. 2008 ஒப்பந்தத்தில் ஏ, பி, சி என்று மூன்று பேண்ட் (ஊதியப் பிரிவு), ஒவ்வொன்றிலும் படிகள். வருடத்துக்கு ஒரு முறை மேலே இருந்து ஒரு சதவீதம் வரும். அந்த ஒரு எண்ணில்தான் வீட்டு வாடகையும் பிள்ளையின் நர்சரிக் கட்டணமும் நிற்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது என்று பல வருடம் வேலை செய்தவர்களுக்கே தெரிவதில்லை. எனக்கும் முதல் இரண்டு வருடம் தெரியாது. மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் சேர்த்து ஒரு ஊதிய மறுஆய்வுக் குழு இருக்கிறது, டிடிஆர்பி என்பார்கள். 1950களின் கடைசியில் அமைத்த பில்கிங்டன் ராயல் கமிஷனின் யோசனை அது: அரசும் டாக்டர்களும் ஒவ்வொரு வருடமும் நேருக்கு நேர் மோத வேண்டாம், நடுவில் தனியாக ஒரு குழு இரு பக்கத்தையும் கேட்டுப் பரிந்துரை செய்யட்டும் என்று. 1970இல் அரசு அந்தப் பரிந்துரையை முழுதாக ஏற்காதபோது குழுவினர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள், 1971இல் இப்போதுள்ள குழு வந்தது. இன்றும் நடைமுறை அதேதான். சுகாதாரத் துறை ஒரு கடிதம் அனுப்பும், துறையும் என்ஹெச்எஸ் நிர்வாகமும் முதலாளிகள் தரப்பும் தங்கள் வாதத்தை எழுதிக் கொடுப்பார்கள், தொழிற்சங்கங்கள் தங்கள் வாதத்தை எழுதிக் கொடுக்கும், பிறகு நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், கடைசியில் அறிக்கை. ஏற்பதும் ஏற்காததும் அரசின் கையில்.

டாக்டர்களுக்காக அங்கே போய்ப் பேச பிஎம்ஏ என்ற மிகப் பெரிய சங்கம் இருக்கிறது. பல் மருத்துவர்களுக்காக எழுதிக் கொடுத்து, நேரிலும் போய் உட்காருவது பிடிஏ. வேறு யாராவது நமக்காகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே நிற்பதில் அர்த்தம் இல்லை. அந்த அறிக்கை தடிமனான புத்தகம் மாதிரி இருக்கும், அதில் பல் மருத்துவர்கள் பகுதி சிறியது, அதற்குள்ளும் சம்பளக்கார பல் மருத்துவர்களைப் பற்றி வருவது ஒரு சில பக்கம்தான். நீண்ட ரயிலில் கடைசிப் பெட்டி நாங்கள். அந்தச் சில பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? எத்தனை பதவி காலியாகக் கிடக்கிறது, எத்தனை பேர் வேலையை விடலாம் என்று யோசிக்கிறார்கள், எத்தனை பேர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நோயாளி பார்க்கிறார்கள் என்று பிடிஏ உறுப்பினர்களிடம் சர்வே எடுத்து அனுப்புகிறது. நமக்கு மின்னஞ்சலில் வரும் அந்தச் சர்வேயைத்தான் பாதிப் பேர் திறக்காமலே அழிக்கிறோம். நானும் முதல் வருடம் அழித்தேன். இப்போது வந்த அன்றே நிரப்புகிறேன், கூட வேலை செய்யும் எல்லோரையும் நிரப்பச் சொல்லி நச்சரிக்கிறேன்.

சரி, பேசிப் பேசி என்ன கிடைத்தது என்று நியாயமாகக் கேட்பீர்கள். இங்கிலாந்துக் கணக்கைச் சொல்கிறேன். 2022இல் 4.5 சதவீதம், அந்த வருடம் அக்டோபரில் விலைவாசி உயர்வு 11.1 சதவீதத்தைத் தொட்டது. 2023இல் 6, 2024இல் 6, 2025இல் 4. அதற்கு முன்னால் 2011இலிருந்து இரண்டு வருடம் பொதுத்துறைச் சம்பளத்தையே உறைய வைத்தார்கள், அப்புறம் பல வருடம் 1 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு. ஆக, பத்துப் பதினைந்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் நம் சம்பளத்தின் வாங்கும் சக்தி குறைந்துதான் இருக்கிறது, இதில் யாரும் பூசி மெழுக வேண்டியதில்லை. பிடிஏ இருந்தும் இப்படியா என்றால், ஆமாம், இருந்தும் இப்படித்தான். குழு பரிந்துரைக்கும், அரசு கஜானாவைக் காட்டும். ஆனால் 2023இல் 6 என்று வந்ததற்குப் பின்னால் மருத்துவமனைகளில் நடந்த வேலைநிறுத்தங்கள் இருந்தன, அதன் பலன் வீதியில் இறங்காத நமக்கும் வந்து சேர்ந்தது, ஏனென்றால் அதே குழுவின் அதே அறிக்கையில் நம் பெயரும் இருந்தது. அந்த இடத்தைத் தக்கவைப்பதே ஒரு வேலை.

காலம் தாழ்த்துவது இன்னொரு எரிச்சல். ஏப்ரல் 1இலிருந்து வர வேண்டிய உயர்வு 2023இல் அறிவிக்கப்பட்டது ஜூலை 13, 2024இல் ஜூலை 29. 2025இல் மே 22க்கே வந்தது, அதையே பெரிய முன்னேற்றம் என்று கொண்டாடும் நிலையில் இருக்கிறோம். அறிவிப்புக்குப் பிறகு சம்பளப் பட்டுவாடா அலுவலகம் அதைக் கணக்குப் போட்டு அரியர்ஸோடு கையில் கொடுக்கும்போது இலையுதிர் காலம் வந்துவிடும்.

இதுவரை சொன்னது தூரத்தில் நடப்பது. எனக்குச் சந்தாவின் மதிப்பு புரிந்தது என் சொந்த விஷயத்தில். நான் அப்போது வேலை செய்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது நேரடி என்ஹெச்எஸ் டிரஸ்ட் (என்ஹெச்எஸ் சேவைகளை நடத்தும் அரசு அமைப்பு) கிடையாது, கம்யூனிட்டி டென்டல் சேவையை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் அமைப்பு. இப்படிப்பட்ட இடங்கள் இங்கிலாந்தில் பல இருக்கின்றன, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது, சுவரில் அதே நீல நிற என்ஹெச்எஸ் முத்திரை, அதே சீருடை, அதே நோயாளிகள். சேர்ந்தபோது என்னை பேண்ட் ஏயின் அடிப்படியில் வைத்தார்கள். ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்த சான்றிதழ்களைக் கொடுத்திருந்தேன், "வெளிநாட்டு அனுபவத்தை நாங்கள் எடுப்பதில்லை" என்று ஒரே வரியில் பதில். எனக்கு வேலை கிடைத்ததே பெரிது என்ற மனநிலை, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த வருடம் தேசிய உயர்வு அறிவித்த பிறகும் எங்களுக்கு வரவில்லை, ஒப்பந்தம் கொடுத்தவர்களிடமிருந்து பணம் வரவில்லை, வந்தால் தருகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் பிடிஏவின் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் பேசினேன். அவர் என்னிடம் முதலில் கேட்டது என் கதையைக் கிடையாது, காகிதத்தை. வேலை ஒப்பந்தம், சேர்க்கைக் கடிதம், அனுபவச் சான்றிதழைப் பற்றி வந்த அந்த ஒருவரி மின்னஞ்சல், கடைசி மூன்று சம்பளச் சீட்டு. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டினார்: தேசிய அளவில் ஒப்புக்கொண்ட ஊதிய விதிகள் "பொருந்தும்" என்று எழுதியிருந்தது. அதே இடத்தில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று இருந்திருந்தால் நாம் கெஞ்சத்தான் முடியும், "பொருந்தும்" என்று இருப்பதால் கேட்கலாம் என்றார். அந்த ஒரு வினைச்சொல்லில் என் அரியர்ஸ் இருந்தது. நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கில ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன், அந்தச் சொல்லை நானாகக் கவனித்திருக்கவே மாட்டேன். கடிதம் எப்படி எழுதுவது என்று வரைவு கொடுத்தார், கோபமே இல்லாத கடிதம், தேதியும் பிரிவு எண்ணும் மட்டும். ஏழு மாதம் ஆனது. உயர்வு வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை, அங்கே வேலை செய்த எல்லாப் பல் மருத்துவர்களுக்கும் வந்தது. அனுபவக் கணக்கில் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சுவார்த்தையில் இரண்டு படி மேலே ஏற்றினார்கள். ஆறு வருடத்துக்கு இரண்டு படி நியாயமா என்றால் இல்லை. ஆனால் அந்த இரண்டு படி ஒவ்வொரு மாதமும் வரும், ஓய்வூதியக் கணக்கிலும் சேரும்.

இன்னொன்றும் அந்த நாட்களில் கற்றுக்கொண்டேன், எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணையோ முறையீட்டு விசாரணையோ எதற்கு நம்மைக் கூப்பிட்டாலும், கூட ஒரு சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துப் போக 1999ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டம் உரிமை கொடுக்கிறது. "சும்மா ஒரு பேச்சுதான், தனியா வாங்க" என்று நயமாகச் சொன்னாலும், அது முறையான விசாரணையா என்று எழுத்தில் கேளுங்கள். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மேலதிகாரி கூப்பிட்டால் தனியாகப் போய்த் தலையாட்டுவதுதான் மரியாதை என்று ஒரு பழக்கம், அந்த மரியாதை இங்கே யாருக்கும் புரிவதில்லை, அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இப்போது கூட்டங்கள். எனக்குச் சம்பள விஷயத்துக்குச் சமமாக, சில வருடம் அதைவிட அதிகமாக, பயன்பட்டது இதுதான்.

பிடிஏவுக்குள் கம்யூனிட்டி டென்டல் சர்வீசஸ் குரூப் என்று ஒரு பிரிவு இருக்கிறது, வருடா வருடம் அவர்கள் ஒரு மாநாடு நடத்துகிறார்கள். நீங்கள் கற்பனை செய்யும் பெரிய கண்காட்சி மாதிரி இருக்காது. பல் மருத்துவக் கண்காட்சி என்றால் இம்பிளான்ட், ஸ்கேனர், பல் வெண்மையாக்கும் பொருள் என்று கடை கடையாக நிற்கும், கையில் பை பையாகச் சேரும், எங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேச அங்கே ஆள் குறைவு. இந்தச் சிறிய மாநாட்டில் தேநீர் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் வேல்ஸில் முதியோர் இல்லங்களுக்குப் போகிறவர், பின்னால் இருப்பவர் சிறையில் பல் பார்க்கிறவர். மயக்க மருந்துப் பட்டியலில் குழந்தைகள் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள் என்று ஒருவர் ஆரம்பித்தால் ஆறு பேர் தங்கள் ஊர்க் கணக்கைச் சொல்கிறார்கள். என் கிளினிக்கில் நான் ஒருத்திதான் திணறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முதல் மாநாட்டில் அந்த எண்ணம் போய்விட்டது. அன்று இரவு ஹோட்டல் அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பேசினேன், அம்மா "என்னடி, குரலே மாறியிருக்கு" என்றாள்.

அங்கேதான் பக்கத்து டிரஸ்ட்டில் அதே பேண்டில் இருப்பவர் எத்தனையாவது படியில் இருக்கிறார் என்று தெரிந்தது. நம் ஆட்களுக்குச் சம்பளத்தை வெளியே சொல்லக் கூச்சம். இங்கே படிகள் அச்சில் இருக்கின்றன, வெட்கப்பட எதுவும் இல்லை, கேளுங்கள். நான் பேண்ட் பிக்கு விண்ணப்பித்ததே, என்னைப் போலவே மயக்கநிலைச் சிகிச்சையும் பராமரிப்பு இல்ல வருகையும் செய்யும் ஒருவர் ஏற்கனவே அந்தப் பேண்டில் இருப்பதை ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்ட பிறகுதான்.

இன்னொரு கூட்டம் பிடிஏவுடையது கிடையாது, ஆனாலும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பாஸ்கட், சமூகப் பல் மருத்துவ ஆய்வுக்கான பிரிட்டிஷ் சங்கம். இது தொழிற்சங்கம் இல்லை, அறிவுச் சங்கம். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் கன்சல்டன்டுகள், பேராசிரியர்கள், சர்வே செய்கிறவர்கள் எல்லாம் கூடுமிடம். பள்ளிக்குப் போய் ஐந்து வயதுக் குழந்தைகளின் பல்லை எண்ணும் தேசிய சர்வேக்கான அளவுகோல்களை வகுத்தவர்கள் இவர்கள். லீட்ஸில் நான் சொத்தை என்று எழுதுவதும் பிளைமவுத்தில் இன்னொருவர் சொத்தை என்று எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டுமே, அதற்காக எல்லோரையும் உட்கார வைத்து ஒரே வாய்களைப் பார்க்க வைத்து அளவை ஒப்பிடுவார்கள். எக்ஸ்ரே கிடையாது, கண்ணால் பார்ப்பதுதான், சொத்தை உள்ளடுக்கு வரை போயிருந்தால்தான் கணக்கு. இப்படி எண்ணித்தான் இங்கிலாந்தில் ஐந்து வயதுக் குழந்தைகளில் 2022இல் 23.7 சதவீதம், 2024இல் 22.4 சதவீதம் பேருக்குச் சொத்தை என்று தெரிந்தது, ஏழ்மையான பகுதிகளில் அது வசதியான பகுதிகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2025இல் அரசு மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நர்சரியிலும் பள்ளியிலும் மேற்பார்வையோடு பல் துலக்கும் திட்டத்துக்கு 11 மில்லியன் பவுண்டு ஒதுக்கியபோது, ஸ்காட்லாந்தில் முன்பே இதே மாதிரி நடந்துவந்த சைல்ட்ஸ்மைல் திட்டத்தையும் இந்த எண்ணிக்கைகளையும் வைத்து எத்தனையோ வருடம் வாதாடிய முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அந்தக் கன்சல்டன்டுகளின் நிலையைக் கேட்டால் மனசு கனக்கும். 2013இல் அவர்களை பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசுப் பொதுச் சுகாதார அமைப்புக்கு மாற்றினார்கள். 2021இல் அந்த அமைப்பையே கலைத்து, அவர்களை என்ஹெச்எஸ் இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். 2025 மார்ச்சில் என்ஹெச்எஸ் இங்கிலாந்தையும் கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். செய்யும் வேலை அதேதான், கழுத்தில் தொங்கும் அட்டை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் அப்படியே வருமா என்று ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். இவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தாலும் சிறிய கூட்டம், ஒரு பெரிய பள்ளியின் ஆசிரியர்கள் அளவுகூட வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இவ்வளவு சிறிய கூட்டத்துக்குச் சொந்தமாகத் தொழிற்சங்கம் நடத்த முடியாது, பெரிய சங்கத்தின் நிழலில்தான் நிற்க முடியும்.

ஆனால் அந்த நிழலில் ஒரு சிக்கலும் உண்டு. பிடிஏவைப் பற்றி என் முதல் குறை இதுதான், அனுபவத்தில் பட்ட குறை என்பதைவிட அமைப்பிலேயே இருக்கும் குறை. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கடைத்தெரு பல் மருத்துவர்கள். செய்தியில் பிடிஏ பேர் வரும்போதெல்லாம் யூடிஏ ஒப்பந்தமும் என்ஹெச்எஸ் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காததும்தான் வரும். அது முக்கியம் இல்லை என்று சொல்ல மாட்டேன், அங்கே இடம் கிடைக்காத குழந்தைதான் ஆறு மாதம் கழித்து என் மயக்க மருந்துப் பட்டியலுக்கு வருகிறது. ஆனாலும் கம்யூனிட்டி டென்டலுக்கென்று தனிக் குழு இருந்தும், எங்கள் விஷயம் வெளியே சத்தமாகக் கேட்பதில்லை.

இதில் ஆழமான முரண் ஒன்றும் இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர்கள் சில நேரம் நம் தொழிலின் வருமானத்தையே தொடும் கேள்விகளைக் கேட்பார்கள். லண்டனில் பேராசிரியராக இருந்து 2015இல் மறைந்த ஆப்ரி ஷெய்ஹாம், எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எங்கே என்று 1977இலேயே கேட்டார். சர்க்கரையைக் குறைக்காமல் சொத்தையை மட்டும் அடைத்துக்கொண்டிருப்பதில் என்ன பயன் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் நோயாளியை நம்பி கிளினிக் நடத்துபவரும், இப்படிக் கேட்பவரும் ஒரே சங்கத்தில் ஒரே சந்தா கட்டுகிறார்கள். தொழிற்சங்கமும் அறிவுச் சங்கமும் ஒரே கூரைக்குள் இருப்பதன் விலை இது. அதனால்தான் எனக்குப் பிடிஏ மட்டும் போதவில்லை, பாஸ்கட் கூட்டமும் வேண்டியிருக்கிறது. சம்பளத்துக்கு அது, இந்த வேலையை ஏன் செய்கிறேன் என்று நினைவுபடுத்த இது.

பிடிஏ சண்டை போடத் தெரியாத சங்கம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிடிசி 2014இல் வருடக் கட்டணத்தை 576 பவுண்டிலிருந்து ஒரேயடியாக 945க்கு உயர்த்தப் போவதாகச் சொன்னபோது, பிடிஏ நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துக் கேட்ட முறை சட்டப்படி சரியில்லை என்று அந்த டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கட்டணம் 890 ஆக வந்தது, தீர்ப்புக்குப் பிறகும் அது ரத்தாகவில்லை, முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் நம்மை ஆளும் அமைப்பையே கேள்வி கேட்டு நீதிமன்றத்தில் நிற்க வைக்க ஒரு தனி ஆளால் முடியாது.

ஒரு தனிப்பட்ட காரணமும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் விம்போல் தெரு 64ஆம் எண்ணில் பிடிஏ கட்டிடத்துக்கு முதல் தடவை போனபோது லிலியன் லிண்ட்சேயைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1890களில் பல் மருத்துவம் படிக்க லண்டனில் இடம் கேட்டுப் போன பெண்ணைக் கல்லூரிக்குள்ளேயே விடாமல் நடைபாதையில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். அவர் எடின்பரோவுக்குப் போய்ப் படித்து 1895இல் பிரிட்டனில் தகுதி பெற்ற முதல் பெண் பல் மருத்துவர் ஆனார், பிறகு பிடிஏவின் நூலகத்தை உருவாக்கினார், 1946இல் அதன் முதல் பெண் தலைவரும் ஆனார். ஓஆர்இ முடிக்க நாலு வருடம் கடையில் வேலை பார்த்தவள் நான், அந்த நடைபாதைக் கதையைப் படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி பண விஷயம். சந்தாத் தொகை நீங்கள் எடுக்கும் பிரிவையும் பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆனது என்பதையும் பொறுத்து மாறும், நேராக அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவைத் தேர்வு செய்யும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பற்றி நேரில் ஒருவரிடம் ஆலோசனை கேட்கும் வசதி அதில் இருக்கிறதா என்று. சம்பளக்காரர்களுக்கு அது இல்லாத பிரிவு வீண். ஜிடிசி கட்டணத்துக்கும் பிடிஏ சந்தாவுக்கும் வருமான வரிச் சலுகை உண்டு, பி87 படிவத்தில் கேட்டு வாங்கலாம், பழைய நாலு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். நம் ஆட்களில் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. என்ஹெச்எஸ் டிரஸ்ட்டில் இருந்தால் சிகிச்சையில் வரும் நஷ்டஈட்டு வழக்கு டிரஸ்ட்டின் பொறுப்பு, ஆனால் ஜிடிசி விசாரணை வந்தால் அது உங்களுடையது, அதனால் இன்டெம்னிட்டியும் பிடிஏ சந்தாவும் ஒன்றுக்கு மற்றது மாற்று என்று நினைத்து எதையும் நிறுத்திவிடாதீர்கள். மாநாட்டுக் கட்டணத்தைச் சொந்தக் காசில் கட்டாதீர்கள், படிப்பு விடுப்பும் அதற்கான தொகையும் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், வருட ஆரம்பத்திலேயே தேதியைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் கிளினிக் நிரம்பிவிட்டது என்பார்கள்.

அப்புறம், பிரச்சினை வந்த பிறகு சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். பொதுவாக எந்தத் தொழிற்சங்கமும், சேர்வதற்கு முன்பே ஆரம்பித்த தகராறைக் கையில் எடுக்கத் தயங்கும். நான் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குத் தேவை வந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். சம்பள ஆலோசனைக்கும் கம்யூனிட்டி மாநாட்டுக்கும் முழு மதிப்பெண். குறைக்கும் ஒன்று, எங்கள் குரல் அந்தப் பெரிய வீட்டில் இன்னும் பின்கட்டிலேயே இருப்பதற்கு. அதை முன்கூடத்துக்குக் கொண்டுவர எங்களிலிருந்தே ஆட்கள் பிரதிநிதியாக நிற்க வேண்டும். டிரஸ்ட்டில் சம்பளம் பேசும் உள்ளூர்க் குழுவில் டாக்டர்கள் நிறைந்திருப்பார்கள், பல் மருத்துவர் நாற்காலி பல இடங்களில் காலியாகக் கிடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிக்கு அந்த வேலைக்காகச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இந்த வருடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

போன் பண்ணிய தங்கை அன்று இரவே தன் சேர்க்கைக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள், இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றாள். மூன்றாவது பக்கத்தில், எனக்கு இருந்த அதே இடத்தில், "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று இருக்கிறது. கையெழுத்தை நிறுத்தி வை, முதலில் சந்தாவைக் கட்டு, ஆலோசகரிடம் நேரம் வாங்கு, ஊரில் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து முழுநேர வேலை என்று தேதி போட்ட சான்றிதழ் வாங்கி வை என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை பேசுகிறாள்.